சோதனை தரவுத்தளத்தைத் தொடலாமா?

இணையச் செயலிகளுக்குத் தானியங்கிச் சோதனை எழுதுகிறவர்களிடையே கால் நூற்றாண்டாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. சோதனை ஓடும்போது உண்மையான தரவுத்தளத்தைத் தொடலாமா, அல்லது அதன் இடத்தில் வேறொன்றை வைத்துக்கொண்டு நிரலை மட்டும் சோதிக்க வேண்டுமா? பார்வைக்கு இது சின்ன நடைமுறைக் கேள்விதான். ஆனால் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் நிரலை எப்படி அடுக்குவது, விதிகளை எங்கே வைப்பது, ஒரு மாற்றத்தைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றையும் சேர்த்தே முடிவு செய்திருக்கின்றன.

இரண்டு எண்களைக் கூட்டும் நிரலுக்கு முன்கதை கிடையாது. எப்போது அழைத்தாலும் ஒரே விடைதான். தரவுத்தளத்தின் மேல் நிற்கும் செயலி அப்படியல்ல. அதன் விடை, முன்பு என்ன பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சோதனை எழுதிவிட்டுப் போன வரி அடுத்த சோதனையின் முடிவை மாற்றிவிடும். இதோடு வேகக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவதாக ஒரு சிக்கல் உண்டு, அதுவே அதிகம் கவனிக்கப்படாதது: செயலியின் விதிகளில் பாதி தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது.

பேருந்து இருக்கை முன்பதிவுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பயணத்தில் ஓர் இருக்கை ஒருவருக்கு மட்டுமே. இந்த விதியை நிரலில் எழுதலாம். தரவுத்தளத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடாகவும் வைக்கலாம். இரண்டிலும் வைப்பதும் உண்டு. கீழே வரும் ஒவ்வொரு நிலைப்பாட்டிடமும், இந்த விதி மீறப்பட்டால் உன் சோதனை பிடிக்குமா என்று கேட்டால் அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

விதி எங்கிருந்து வந்தது

அலகுச் சோதனையின் இன்றைய உருவம் ஸ்மால்டாக் மொழிக்காரர்களிடமிருந்து வந்தது. கென்ட் பெக் 1994-இல் கட்டுரையாக விவரித்த எஸ்யூனிட் அதன் முன்னோடி. 1997-இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் அவரும் எரிக் காமாவும் சேர்ந்து எழுதியது ஜாவாவுக்கான ஜேயூனிட். பிற மொழிகளின் சோதனைக் கருவிகள் பலவும் அதன் வழிவந்தவை.

தரவுத்தளத்தைத் தொடாதே என்ற விதியைக் கூர்மையாகச் சொன்னவர் மைக்கேல் ஃபெதர்ஸ். 2005-இல் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில், தரவுத்தளத்தோடு பேசுவது, நெட்வொர்க் வழியே பேசுவது, கோப்புகளைத் தொடுவது போன்றவற்றைச் செய்யும் சோதனை அலகுச் சோதனை ஆகாது என்று வரையறுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவருடைய நூல், பத்தில் ஒரு நொடி எடுக்கும் அலகுச் சோதனையையே மெதுவானது என்கிறது. கணக்கு போட்டால் காரணம் புரியும். 30,000 சோதனைகள் தலைக்கு 0.1 நொடி எடுத்தால் மொத்தம் 50 நிமிடம். ஒரு வரியை மாற்றிவிட்டு 50 நிமிடம் காத்திருக்க வேண்டுமென்றால் யாரும் சோதனையை ஓட்ட மாட்டார்கள்.

அதே குறிப்பில் ஃபெதர்ஸ் இன்னொன்றும் சொன்னார்: இவற்றைத் தொடும் சோதனைகள் கெட்டவை அல்ல, எழுதத் தகுந்தவையே, வேகமானவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வகை பிரிக்கச் சொன்னது விலக்கு விதியாக மாறிவிட்டது. இந்த விவாதத்தின் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில் தொடங்குகிறது என்றே தோன்றுகிறது.

அக்காலச் சூழலையும் மறக்கக் கூடாது. சுழலும் தட்டுகள், குழு முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒற்றைத் தரவுத்தளச் சர்வர், நிறுவவே ஒரு நாள் பிடிக்கும் வணிக மென்பொருள் என்றிருந்த நிலையில், தொடாதே என்பது நியாயமான அறிவுரைதான்.

பதிலிகளின் காலம்

2000-ஆம் ஆண்டு டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் மாக் பொருள்களை அறிமுகப்படுத்தும் கட்டுரையை வெளியிட்டார்கள். நிரல் யாரோடு பேச வேண்டுமோ அவருடைய இடத்தில் ஒரு நடிகரை நிறுத்தி, எதிர்பார்த்த வசனம் எதிர்பார்த்தபடி வந்ததா என்று பார்ப்பது இந்த முறை. பதிலிகள் பெருகியபோது பெயர்களும் பெருகிக் குழப்பின. ஜெரார்ட் மெசாரோஸின் 2007 நூல் டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று அவற்றைப் பிரித்துத் தந்தது. மார்ட்டின் ஃபௌலர் தம் 2004 கட்டுரையில், விளைவைப் பார்க்கும் பழைய மரபு, உரையாடலைப் பார்க்கும் மாக் மரபு என இரு பள்ளிகளை அடையாளம் காட்டினார்.

இருக்கை விதிக்கு வருவோம். மாக் வைத்த சோதனை, ‘இருக்கையைச் சேமி’ என்ற கட்டளை ஒருமுறை அழைக்கப்பட்டதா என்று பார்க்கும். அந்தக் கட்டளை உருவாக்கும் எஸ்கியூஎல் வாக்கியத்தில் பத்தியின் பெயர் தவறாக இருந்தாலும் சோதனை பச்சை விளக்கு காட்டும். தனித்தன்மைக் கட்டுப்பாட்டை யாராவது நீக்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது. தரவுத்தளம் என்ன பதில் சொல்லும் என்பதையும் நிரலாளரே எழுதிவிடுவதால், கேள்வித்தாள் தயாரித்தவரே தேர்வெழுதி, அவரே திருத்துவது போல ஆகிவிடுகிறது.

மாக் முறையின் முன்னோடிகள் இதை அறியாதவர்கள் அல்லர். உங்களுக்குச் சொந்தமில்லாத நூலகங்களின் மேல் மாக் வைக்காதீர்கள் என்பது ஃப்ரீமனும் நாட் ப்ரைஸும் 2009-இல் எழுதிய நூலின் முக்கிய அறிவுரைகளில் ஒன்று. தரவுத்தள இணைப்பின் மேலேயே நேரடியாக மாக் வைக்கும் வழக்கம், அந்த முறையைத் தந்தவர்களே வேண்டாமென்று சொன்னது.

அடுக்கு பிரித்தவர்கள்

இதைவிடப் பண்பட்ட பதில் கட்டமைப்புக்காரர்களிடமிருந்து வந்தது. அலிஸ்டர் காக்பர்ன் 2005-இல் விவரித்த ‘போர்ட்டும் அடாப்டரும்’ என்ற அமைப்பில், வணிக விதிகள் நடுவில் இருக்கும். தரவுத்தளம் வெளிவிளிம்பில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம். சோதனையின்போது அங்கே நினைவகத்தில் வாழும் எளிய ஃபேக் ஒன்றை மாட்டிவிடலாம். மாக் போல இது வசனத்தை எண்ணுவதில்லை. போட்டதை வைத்திருக்கும், கேட்டால் திருப்பித் தரும். ஹாரி பெர்சிவலும் பாப் கிரெகரியும் 2020-இல் எழுதிய நூல் இந்த வழியைப் பைத்தான் உலகுக்குப் படிப்படியாகக் காட்டியது. கூகுளின் பொறியியல் பழக்கங்களை விவரிக்கும் அதே ஆண்டு நூலும் மாக்கைவிட ஃபேக்கையே பரிந்துரைக்கிறது. அந்தப் பாகத்தை எழுதிய குழுவே ஃபேக்கையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஃபேக் நேர்மையாக நடக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? ஒரே சோதனைத் தொகுப்பை ஃபேக்கின் மேலும் உண்மையான தரவுத்தளத்தின் மேலும் ஓட்டி, இரண்டும் ஒரே மாதிரி நடப்பதைக் காட்டலாம். ஒப்பந்தச் சோதனை என்று இதைச் சொல்வார்கள். ஒருங்கிணைந்த சோதனைகள் வெறும் மோசடி என்று 2009-இல் சீண்டலாக எழுதிய ஜே. பி. ரெயின்ஸ்பெர்கர் முன்வைத்த மாற்றும் இதுவே. ஆனால் ஒப்பந்தச் சோதனைக்கு எப்படியும் உண்மையான தரவுத்தளம் வேண்டும். ஆக இந்த வழியில் தரவுத்தளத்தைத் தொடும் இடம் குறைகிறதே தவிர, தொடுவது நிற்பதில்லை.

கடுமையான எதிர்ப்பு 2014 ஏப்ரலில் வந்தது. ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன், சோதனைக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நிரலில் தேவையற்ற அடுக்குகளைத் திணிப்பது வடிவமைப்பைச் சேதப்படுத்துகிறது என்று எழுதினார். அதைத் தொடர்ந்து அவரும் பெக்கும் ஃபௌலரும் நடத்திய காணொளி உரையாடல்கள் இத்துறையில் அபூர்வமான நாகரிக விவாதம். யாரும் யாரையும் வெல்லவில்லை. ஹான்சனின் வாதம் ரெயில்ஸ் போன்ற, டேபிளும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிய அமைப்புகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. விதிகள் அடர்ந்த காப்பீட்டுக் கணக்கு போன்றவற்றுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. விளாதிமிர் கோரிகோவ் 2020-இல் செய்த பிரிவு இங்கே உதவும். செயலிக்கு மட்டுமே சொந்தமான, வெளியார் யாரும் நேரே பார்க்காத தரவுத்தளம் செயலியின் உட்பகுதி. அதை அப்படியே சோதிக்க வேண்டும். வெளியார் பார்க்கும் மின்னஞ்சல், செய்தி வரிசை போன்றவற்றுக்கே மாக் ஏற்றது.

ஒத்த தரவுத்தளம் என்ற சமரசம்

இரு முகாம்களுக்கும் நடுவே ஒரு வழி வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. நிஜத்தில் போஸ்ட்கிரெஸ் அல்லது ஆரக்கிள் ஓடும். சோதனையில் மட்டும் நினைவகத்தில் ஓடும் எஸ்கியூலைட், அல்லது ஜாவாக்காரர்களுக்கு ஹெச்எஸ்கியூஎல்டிபி, 2005-இல் வந்த ஹெச்2. அமைப்பது எளிது, ஓடுவது வேகம், எஸ்கியூஎல் வாக்கியங்களும் நிஜமாகவே ஓடுகின்றன. மாக்கைவிட இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் எஸ்கியூஎல் என்பது ஒரே மொழி என்ற நம்பிக்கையில் இந்தச் சமரசம் நிற்கிறது, அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. எஸ்கியூலைட்டில் வெளிச்சாவிக் கட்டுப்பாடுகள் இயல்பில் அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் இயக்க வேண்டும். பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று அறிவித்த பத்தியில் ஆயிரம் எழுத்தைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். எண் பத்தியில் சொல்லைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். கறாரான டேபிள்கள் 2021-இல்தான் வந்தன, அதையும் கேட்டுப் பெற வேண்டும். லைக் ஒப்பீடு ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை எஸ்கியூலைட்டில் ஒன்றாகப் பார்க்கும், போஸ்ட்கிரெஸில் வேறாகப் பார்க்கும். எழுதுவதற்கு ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே எஸ்கியூலைட் அனுமதிப்பதால், ஒரே நேரத்தில் இருவர் ஒரே இருக்கைக்குப் போட்டியிடும் நிலையை அங்கே நிஜத்தில் நடப்பது போல உருவாக்கவே முடியாது.

தமிழ்த் தரவை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடுகள் இன்னும் நெருக்கமானவை. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயர் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 15 குறியீடுகள், யூடிஎஃப்-8 சேமிப்பில் 45 பைட்டுகள். பத்து எழுத்து வரம்புள்ள பத்தியில் போஸ்ட்கிரெஸ் இதை மறுத்துப் பிழை தரும், எஸ்கியூலைட் ஒன்றும் சொல்லாது. ‘கொ’ என்ற எழுத்தை ஒற்றை உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஒப்பீடு அவற்றை வேறு வேறாகவே எண்ணும். மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்பான ஒப்பீடு யூனிகோடு ஒப்பீட்டு விதிகளைப் பின்பற்றுவதால் அங்கே பதில் மாறலாம். ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பெயரை வைத்து எழுதிய சோதனை இவற்றில் எதையும் தொடாது.

மைக்ரோசாஃப்ட்டின் அனுபவம் இந்த நிலைப்பாட்டின் மேல் ஒரு தீர்ப்பு போல அமைந்தது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற தன் கருவியோடு அதுவே நினைவகத் தரவுத்தளம் ஒன்றைத் தந்தது. பிறகு அதன் ஆவணமே, சோதனைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வலுவாக எச்சரிக்கும் நிலைக்கு வந்தது. தரவுத்தள வகையையே மாற்றிச் சோதிப்பதை ஆதரிக்க இன்று வலுவான வாதம் அதிகமில்லை. (எஸ்கியூலைட்டையே நிஜத்திலும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. அந்தத் தரவுத்தளத்தின் சொந்தச் சோதனைத் தொகுப்பு அதன் நிரலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது என்பதையும் சொல்லிவைக்கலாம்.)

ரோல்பேக்: கெட்டிக்காரத்தனமும் அதன் விலையும்

உண்மையான தரவுத்தளத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதைப் பழைய நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது? இதற்கு வந்த பதில்களிலேயே அதிகம் பரவியது ட்ரான்சாக்‌ஷன் ரோல்பேக். சோதனை தொடங்கும்போது ஒரு ட்ரான்சாக்‌ஷனைத் திற. சோதனை என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். முடிந்ததும் கமிட் செய்யாமல் ரோல்பேக் செய். எழுதியவை எழுதாதவையாகிவிடும். ரெயில்ஸ் இதைத் தொடக்க ஆண்டுகளிலேயே வழக்கமாக்கியது. பைத்தானின் ஜாங்கோ 2009-இல் 1.1 பதிப்பில் இதற்கு மாறியது. ஜாவாவின் ஸ்பிரிங்கிலும் பிஎச்பியின் லாரவெல்லிலும் இதே உத்திதான்.

கெட்டிக்காரத்தனமான தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆயிரக்கணக்கான சோதனைகள் நிஜத் தரவுத்தளத்தின் மேல் சில நிமிடங்களில் ஓட இதுவே வழி செய்தது. ஆனால் இதன் அடிப்படையிலேயே ஒரு பொய் இருக்கிறது: இந்தச் சோதனைகளில் கமிட் நடப்பதே இல்லை. நிஜத்தில் ஒவ்வொரு முன்பதிவும் கமிட்டில்தான் முடிகிறது.

இதன் விளைவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. போஸ்ட்கிரெஸில் சில கட்டுப்பாடுகளைக் கமிட் நேரத்தில் சரிபார்க்கும்படி ஒத்திவைக்கலாம். கமிட்டே இல்லையென்றால் சரிபார்ப்பும் இல்லை. ஜாங்கோ 1.10 முதல் சோதனை முடிவில் இவற்றைத் தானே கூப்பிட்டுச் சரிபார்த்து இந்த ஓட்டையை அடைத்தது. கமிட்டுக்குப் பிறகு ஓட வேண்டிய வேலைகள், உதாரணமாக டிக்கெட்டைக் குறுஞ்செய்தியில் அனுப்புவது, சோதனையில் ஓடவே ஓடாது. ரெயில்ஸ் 5-உம் ஜாங்கோ 3.2-உம் இதற்கு வெவ்வேறு வழிகளில் கமிட் நடந்தது போலப் பாவனை செய்ய வேண்டிவந்தது. போஸ்ட்கிரெஸில் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும் நவ் சார்பு, ட்ரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தையே திருப்பித் தரும். சோதனை முழுவதும் ஒரே ட்ரான்சாக்‌ஷன் என்பதால், தரவுத்தளமே நேரம் குறிக்கும் டேபிளில் முதல் முன்பதிவும் கடைசி முன்பதிவும் ஒரே நுண்நொடியில் நடந்ததாகப் பதிவாகும். நேரவரிசைப்படி காட்டும் பக்கத்தின் சோதனை ஒருநாள் தேறும், ஒருநாள் தோற்கும்.

இன்னும் உண்டு. வரிசை எண் தரும் சீக்வென்ஸ்கள் ரோல்பேக்கில் பின்வாங்குவதில்லை. முதல் டிக்கெட்டின் எண் 1 என்று நம்பி எழுதிய சோதனை இரண்டாம் முறை உடையும். டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை வந்தால் மைஎஸ்கியூஎல் தானாகவே கமிட் செய்துவிடும், ரோல்பேக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் முழு உரைத் தேடல், கமிட் ஆன வரிகளை மட்டுமே காணும். பிரவுசரை ஓட்டிச் சோதிக்கும்போது செயலி வேறு இணைப்பில் ஓடுவதால், சோதனை எழுதிய கமிட் ஆகாத தரவு அதன் கண்ணில் படாது. ரெயில்ஸ் 5.1 ஒரே இணைப்பை இருவரும் பகிரும்படி செய்து இதைச் சமாளித்தது, அதாவது நிஜத்திலிருந்து இன்னோர் அடி விலகி. எலிக்சர் மொழியின் எக்டோ 2016-இல் தந்த சாண்ட்பாக்ஸ் சற்று நேர்த்தியானது. ஒவ்வொரு சோதனைக்கும் தனி இணைப்பு, தனி ட்ரான்சாக்‌ஷன். எனவே பல சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடலாம். கமிட் அங்கும் இல்லை.

துடைப்பதும் புதிதாய்க் கட்டுவதும்

மெய்யாகவே கமிட் செய்து, பிறகு துடைக்கலாம் என்பவர்களுக்குப் பிரச்சினை நேரம். 2005-இல் ஃப்ளோரியான் ஹாஃப்ட்மன், டொனால்ட் கோஸ்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதை நேராக எதிர்கொண்டது. தரவுத்தளத்தை மீட்டமைப்பதுதான் பெருஞ்செலவு; எனவே ஒவ்வொரு சோதனைக்கும் மீட்டமைக்காமல், தோல்வி வந்தால் மட்டும் மீட்டமைத்து மறுபடி ஓட்டலாம், ஒன்றையொன்று கெடுக்காத சோதனைகளை அடுத்தடுத்து வைக்கலாம் என்றார்கள். இந்த யோசனை பரவலான கருவியாக மாறவில்லை. ஆனால் சிக்கல் கட்டளைகளின் வேகத்தில் இல்லை, நிலையைத் திரும்பக் கொண்டுவருவதில் இருக்கிறது என்று அவர்கள் சரியாகக் கண்டார்கள்.

இதன் பிறகு வாதங்களைவிடக் கருவிகளே சூழலை அதிகம் மாற்றின. 2013-இல் டாக்கர் வந்தது. 2015-இல் தொடங்கிய டெஸ்ட்கன்டெய்னர்ஸ், நிஜத்தில் ஓடும் அதே தரவுத்தளத்தை, அதே பதிப்பில், சோதனைக்காக எழுப்பி முடிந்ததும் அழிப்பதைச் சில வரி நிரலாக்கியது. அதைப் பின்னால் நடத்திய நிறுவனத்தை 2023 இறுதியில் டாக்கரே வாங்கிக்கொண்டது. போஸ்ட்கிரெஸில் ஏற்கெனவே தயாரித்த வார்ப்பிலிருந்து புதுத் தரவுத்தளத்தை நகலெடுக்கும் வசதி உண்டு. வட்டில் உறுதியாக எழுதும்வரை காத்திருக்கும் பழக்கத்தையும் சோதனைக்காக நிறுத்தி வைக்கலாம். மின்சாரம் போனால் சோதனைத் தரவு அழியும், யாருக்கும் நட்டமில்லை. தொடாதே என்ற விதி எந்தப் பொருளாதாரத்தில் பிறந்ததோ, அது இன்று பெருமளவு மறைந்துவிட்டது.

தரவை யார் தருவது

சோதனைக்கு முன்தரவு வேண்டும். ரெயில்ஸின் ஃபிக்ஸ்சர்கள் அதைத் தனிக்கோப்பில் எழுதி வைத்தன. வேகம் உண்டு, ஆனால் சோதனையைப் படிப்பவருக்கு மூன்றாம் இருக்கை ஏன் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்று தெரியாது. இதற்கு மாற்றாக 2008-இல் வந்த ஃபேக்டரி முறை, தேவையானதைச் சோதனைக்குள்ளேயே கட்டுகிறது. ஓர் இருக்கையைக் கேட்டால் பேருந்து, வழித்தடம், நிறுவனம் என்று தொடர்புடைய எல்லாவற்றையும் கட்டி நேரத்தைத் தின்பது இதன் குறை. நிஜத் தரவின் நகலை எடுத்துச் சோதிப்பது மூன்றாவது வழி. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், இந்தியாவில் 2023-இல் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கும்போது, பயணிகளின் தொலைபேசி எண்களை நிரலாளரின் மடிக்கணினிக்கு நகலெடுப்பதை யாரும் எளிதில் நியாயப்படுத்த முடியாது.

ஆய்வாளர்கள் நான்காவது வழி ஒன்றை முன்பே காட்டினார்கள். டேவிட் சேஸ், ஃபிலிஸ் ஃப்ராங்கல் குழு 2000-இல், டேபிள் அமைப்பையும் சோதிப்பவர் தரும் மாதிரி மதிப்புகளையும் கொண்டு தரவைத் தானாக உருவாக்கும் சட்டகத்தை விவரித்தது. அதே ஆண்டு வந்த க்விக்செக், விதியைச் சொன்னால் எடுத்துக்காட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் முறையைத் தொடங்கிவைத்தது. இணையச் செயலி எழுதுபவர்களிடம் இவை இன்னும் விளிம்பிலேயே நிற்பது இத்துறையின் விசித்திரம்.

பிரமிடும் கோப்பையும்

எந்த வகைச் சோதனை எத்தனை வேண்டும் என்ற விவாதத்தை விரைவாகக் கடந்துவிடலாம். மைக் கோன் 2009 நூலில் பிரமிடு வரைந்தார்: கீழே நிறைய அலகுச் சோதனை, உச்சியில் கொஞ்சம் முழுச் சோதனை. கென்ட் சி. டாட்ஸ் 2018-இல், நடுவில் பருத்த கோப்பையை வரைந்தார்: ஒருங்கிணைப்புச் சோதனையே அதிகம். இரண்டிலும் எதை அலகு என்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சோதனை இடம் மாறி உட்காரும். சோதனை எத்தனை வரிகளைத் தொட்டது என்ற அளவும் இங்கே அதிகம் உதவாது. கிரெகரி கப்ஃபாமரும் மேரி லூ சோஃபாவும் 2003-இல் காட்டியபடி, எல்லா வரிகளும் ஓடியிருந்தாலும், நிரல் தரவுத்தளத்தோடு கொள்ளும் ஊடாட்டங்கள் பல சோதிக்கப்படாமலே இருக்கலாம்.

எல்லோரும் விட்ட இடம்

இப்போது இருக்கை விதியை மறுபடி கேட்போம். ஒரே நொடியில் இருவர் ஒரே இருக்கையை அழுத்துகிறார்கள். நிரல் இருவருக்கும் தனித்தனியே ‘காலியா’ என்று பார்க்கிறது, இருவருக்கும் காலி, இருவருக்கும் எழுதுகிறது. மாக்கால் இதைக் காட்ட முடியாது. ஃபேக்குக்கு ஒரே நேரம் என்ற கருத்தே இல்லை. எஸ்கியூலைட் எழுதுபவர்களை வரிசையில் நிறுத்திவிடும். ரோல்பேக் முறையில் எல்லாம் ஒரே இணைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. நான்கு பள்ளிகளும் பல ஆண்டுகள் சண்டையிட்டன. நான்கின் சோதனையும் இங்கே தேறிவிடும், பிழை தப்பிவிடும்.

இது வெறும் கற்பனைப் பிழை அல்ல. பீட்டர் பெய்லிஸ் குழு 2015-இல், திறந்த மூல ரெயில்ஸ் செயலிகள் 67-ஐ ஆராய்ந்து, தரவுத்தளம் காக்க வேண்டிய விதிகளை நிரல் மட்டத்துச் சரிபார்ப்பில் வைப்பது எவ்வளவு பரவலாக இருக்கிறது, எங்கெங்கே அது போட்டிச் சூழலில் உடைகிறது என்று காட்டியது. ஒருவருக்கு ஒன்றே என்று சரிபார்க்கும் ரெயில்ஸ் வசதி, முதலில் தேடி, பிறகு எழுதுகிறது. நடுவில் இடைவெளி இருக்கிறது. 2017-இல் டாட் வார்ஷாவ்ஸ்கியும் பெய்லிஸும், பரவலாகப் பயன்படும் 12 மின்வணிகச் செயலிகளில் இத்தகைய இடைவெளிகளைப் பயன்படுத்தும் 22 தாக்குதல்களைக் கண்டார்கள். பரிசுக் கூப்பனை இருமுறை செலவழிப்பது, இருப்பை மீறி விற்பது போன்றவை. தரவுத்தளங்களின் இயல்பான தனிமைநிலைகளே (ஒரே நேரத்தில் ஓடும் ட்ரான்சாக்‌ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்து வைப்பது என்ற அமைப்பு) ஒன்றுபோல இல்லை என்பதும் இதைச் சிக்கலாக்குகிறது: போஸ்ட்கிரெஸில் ஒன்று, மைஎஸ்கியூஎல்லில் இன்னொன்று.

இரண்டு இணைப்புகளைத் திறந்து, உண்மையாகக் கமிட் செய்து சோதிக்கலாமே என்றால், அங்கே வேறொரு பூதம் காத்திருக்கிறது: ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் நிலையற்ற சோதனை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லுவோ குழு 2014-இல், 51 அப்பாச்சி திட்டங்களின் 201 திருத்தங்களைப் பார்த்தது. வகைப்படுத்த முடிந்தவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் காத்திருப்புச் சிக்கல், 20 சதவீதம் ஒருங்குநிகழ்வு (ஒரே நேரத்தில் ஓடுபவை மோதிக்கொள்வது), 12 சதவீதம் சோதனைகளின் ஓட்ட வரிசை. கூகுள் 2016-இல் தன் சோதனைகளில் சுமார் 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. நிலையற்ற சோதனையை நிரலாளர்கள் விரைவில் புறக்கணிக்கத் தொடங்குகிறார்கள், அதன்பின் அது இருந்தும் இல்லாததே.

எவை தீர்ந்தன, எவை தீரவில்லை

தீர்ந்தவை என்று எச்சரிக்கையோடு சொல்லக்கூடியவை உண்டு. தரவுத்தள இணைப்பின் மேல் நேரடி மாக் வைப்பதை ஆதரிப்பவர் குறைவு. வேறு வகைத் தரவுத்தளத்தில் சோதித்து நிம்மதி அடைவதும் அப்படியே. செயலிக்கே சொந்தமான தரவுத்தளத்தை அதே வகையில், அதே பதிப்பில் வைத்துச் சோதிப்பது இன்று பெரும்பாலான குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் செலவு. கணக்கீடு அடர்ந்த விதிகளுக்குத் தரவுத்தளமே இல்லாத வேகச் சோதனைகள் இன்றும் மதிப்புள்ளவை. ரோல்பேக் உத்தியை விட்டுவிடத் தேவையில்லை. அது எவற்றை மறைக்கிறது என்று தெரிந்து, அந்த இடங்களுக்கு மட்டும் கமிட் செய்யும் சோதனைகளைத் தனியே வைத்தால் போதும்.

தீராதவற்றில் ஒருங்குநிகழ்வுச் சோதனையே முதன்மையானது. அதை மலிவாகவும், ஒவ்வொரு முறையும் அதே விளைவு வரும்படியும் எழுத, சாதாரண இணையச் செயலிக்குழு எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுக்கருவி இன்னும் வேரூன்றவில்லை. அதுவரை தனித்தன்மைக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைப்பதுதான், சோதனை எழுதுவதைவிடவும் நம்பத்தக்க காப்பு. அளவு அடுத்தது. இருபது வரி உள்ள டேபிளில் எந்தக் கொயரியும் வேகமாகத்தான் ஓடும். இரண்டு கோடி வரிகளில் எந்தத் திட்டத்தைத் தரவுத்தளம் தேர்ந்தெடுக்கும் என்பதை வழக்கமான சோதனைத் தொகுப்பு சொல்லாது. மூன்றாவது மைக்ரேஷன்கள். காலியான டேபிளில் அழகாக ஓடும் அமைப்பு மாற்றம், பத்தாண்டுப் பழைய தரவில், பயணிகள் முன்பதிவு செய்துகொண்டிருக்கும்போது எப்படி நடக்கும் என்பதைச் சோதிக்கும் பழக்கம் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களோடு நிற்கிறது.

எந்த விகிதத்தில் எந்த வகைச் சோதனை வைத்தால் எவ்வளவு பிழை பிடிபடும் என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீடும் இல்லை. பிரமிடும் கோப்பையும் அனுபவத்திலிருந்து வரைந்த படங்கள், அளந்து பெற்ற முடிவுகள் அல்ல. அவற்றில் ஒன்றைக் குழுவின் கொள்கையாக அறிவிக்கும் முன், கடந்த ஓராண்டில் பயனரிடம் போய்ச் சேர்ந்த பிழைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் எந்த வகைச் சோதனை பிடித்திருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.